பழைய கணனி தடுமாறும்போது: குற்றம் சாட்டுமுன் காரணம் காண்போம்

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். 2014ஆம் ஆண்டின் கடைசியில் அவ்வீட்டின் மூத்த மகன், சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசைக் கொண்டு, விளையாட்டுகளுக்கென்றே ஒரு கணனியைப் பொருத்துவித்தான். சில ஆண்டுகளின் பின் அவன் வெளிநாடு சென்றுவிட்டான். கணனி தம்பியின் கைக்கு வந்தது. தம்பி உயர்தர வகுப்பு மாணவன். பின்னேரங்களில் பாடக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் அதிலே பார்ப்பான். இரவில் ஒரு மணி நேரம் விளையாடுவான். அம்மாவோ மூத்த மகளின் திருமணப் படங்கள் அனைத்தையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறார். அவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை.

இப்போது அந்தக் கணனி தடுமாறுகிறது. விளையாட்டுத் தொடங்கி இருபது நிமிடங்களில் படம் இழுபடுகிறது. நாற்பது நிமிடங்களில் திரை சடுதியாகக் கறுத்து, கணனி தானாகவே மீண்டும் தொடங்குகிறது.

"எந்த நேரமும் விளையாடி விளையாடிப் பெட்டியைப் பழுதாக்கிப் போட்டாய்!" என்கிறார் அப்பா.

"நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா" என்கிறான் மகன்.

அயலவர் ஒருவர் வந்து, கிராபிக்ஸ் அட்டை போய்விட்டது, புதிதாகப் போடவேண்டும் என்கிறார். இன்னொருவர் வைரஸ் என்கிறார். மற்றொருவர், பேசாமல் இதை விற்றுவிட்டு மடிக்கணனி வாங்கச் சொல்கிறார். தீர்ப்புகள் நான்கு வந்துவிட்டன. ஆனால் ஒருவராவது பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

வயது சென்ற இப்படியான கணனியொன்றின் நோயை எந்த ஒழுங்கில் கண்டுபிடிப்பது என்பதே இப்பாடத்தின் பொருள். எடுத்துக்காட்டாக இந்த வீட்டுக் கணனியையே வைத்துக்கொள்வோம். அதன் செயலி இன்ரெல் ஐ5-4690. கிராபிக்ஸ் அட்டை என்விடியா ஜீ.ரி.எக்ஸ். 970. இரண்டும் 2014இல் வெளிவந்தவை. நினைவகம் 8 ஜி.பி. சேமிப்பதற்குச் சுழலும் வன்தட்டு ஒன்று. இயங்குதளம் வின்டோஸ் 10.

1. நோய்கள் இரண்டு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். கணனி மந்தமாக ஓடுவது ஒரு நோய். கணனி நின்றுபோவது, உறைவது, தானாக மீண்டும் தொடங்குவது இன்னொரு நோய். "கணனி சரியில்லை" என்று நாம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். காய்ச்சலும் கால்முறிவும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் வரலாம்; அதற்காக ஒரே மருந்து இரண்டையும் தீர்க்காது.

மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். ஒன்று, உறுப்பு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது. இரண்டு, நினைவகம் போதாமை. மூன்று, வன்தட்டின் தாமதம். நான்கு, விளையாட்டே அந்தக் கணனியின் சக்திக்கு மிஞ்சியதாக இருப்பது.

நின்றுபோவதற்குக் காரணங்கள் வேறு. மின்வழங்கி தளர்ந்திருக்கலாம். நினைவகத் துண்டு பழுதடைந்திருக்கலாம். வெப்பம் எல்லை மீறியிருக்கலாம். டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் குழம்பியிருக்கலாம். வன்தட்டு அழியத் தொடங்கியிருக்கலாம்.

நமது எடுத்துக்காட்டு வீட்டில் இரு நோய்களும் இருக்கின்றன. அவை ஒரே காரணத்தால் வந்தவையா, வெவ்வேறு காரணத்தால் வந்தவையா என்பது இன்னும் தெரியாது. தெரியாத நிலையில் புதிய அட்டை வாங்குவது குருட்டு வைத்தியம்.

2. முதல் வேலை, உள்ளதைக் காப்பாற்றுதல்

எந்தச் சோதனைக்கும் முன்னர் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறோர் இடத்துக்குப் பிரதி செய்யுங்கள். வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்றோ, போதிய இடமுள்ள பென்ட்ரைவ் ஒன்றோ போதும். பிரதி செய்தபின் அவற்றை வேறொரு கணனியில் திறந்து பார்த்து, உண்மையிலேயே திறக்கின்றனவா என உறுதி செய்துகொள்ளவேண்டும்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நாம் செய்யப்போகும் சோதனைகள் சில கணனியை வருத்துபவை. தட்டு முழுவதையும் பரிசோதிக்கும் கட்டளை, ஏற்கெனவே சாகக் கிடக்கும் வன்தட்டின் கடைசி மூச்சையும் பறித்துவிடக்கூடும். கணனியின் உறுப்பு எதையும் கடையிலே வாங்கலாம். திருமணப் படத்தை வாங்க முடியாது.

3. கொப்பியும் பென்சிலும்

இரண்டாவதாக, ஒரு கொப்பியை எடுத்துக் கணனிக்கு அருகில் வையுங்கள். பிழை நேரும் ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, கணனி தொடங்கி எத்தனை நிமிடம், திரையில் தெரிந்தது என்ன என்பவற்றை எழுதுங்கள். நீலத்திரை தோன்றினால் அதிலுள்ள குறியைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கொப்பிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். தூசி தட்டி, இயக்கி மென்பொருளை மாற்றி, நினைவகத்தைக் கழற்றிப் பூட்டி, எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்திற் செய்து கணனி சுகமானால், எது சுகப்படுத்தியது என்று ஒருபோதும் தெரியவராது. நோய் திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். பதறாத காரியம் சிதறாது.

வின்டோசும் தன் பங்குக்கு ஒரு கொப்பி எழுதுகிறது. தொடக்கப் பட்டியலில் "ஈவன்ட் வியூவர்" என்று தேடினால் அது கிடைக்கும். கணனி சடுதியாக மீண்டும் தொடங்கிய நேரத்தில் அங்கே "கேர்னல்-பவர் 41" என்ற பதிவு இருப்பதைக் காணலாம். இதைக் கண்டவுடன் மின்வழங்கிதான் பழுது என்று முடிவுகட்டுபவர் பலர். அது அவசரம். கணனி முறைப்படி நிறுத்தப்படாமல் நின்றுவிட்டது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாலும் அதே பதிவுதான் எழுதப்படும். எனினும், நீலத்திரையும் இல்லை, வேறு பிழைப் பதிவும் இல்லை, 41 மட்டும் தனியே நிற்கிறது என்றால், மின்சாரத்தின் பக்கமும் வெப்பத்தின் பக்கமும் முதலில் பார்ப்பது நியாயம்.

நமது வீட்டில் மகன் ஐந்து நாட்கள் எழுதினான். ஐந்து நாட்களிலும் பாடக் குறிப்புகள் பார்த்தபோது ஒரு பிழையும் நேரவில்லை. விளையாட்டின்போது மட்டுமே நேர்ந்தது. கணனி உழைக்கும்போதுதான் நோய் வருகிறது என்பது இப்போது ஊகமல்ல, எழுத்திலுள்ள சாட்சி.

4. வெப்பம்

உழைக்கும்போது வரும் நோய்க்கு முதலில் வெப்பத்தையே சோதிக்கவேண்டும். காரணம், அந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. "எச்.டபிள்யு. இன்ஃபோ" போன்ற இலவச மென்பொருள் ஒவ்வோர் உறுப்பின் வெப்பநிலையையும் காட்டும். விளையாட்டை அரைமணி நேரம் ஓடவிட்டு, எட்டிய மிகக் கூடிய எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள்.

இந்தத் தலைமுறைச் செயலிகள் 100 பாகை செல்சியசை அண்டும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்; மேலும் ஏறினால் கணனியையே நிறுத்திவிடும். உழைக்கும்போது 60 முதல் 80 பாகை வரை இருந்தால் அச்சமில்லை. 90ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். ஜீ.ரி.எக்ஸ். 970 போன்ற அட்டைகள் 80 பாகையை அண்டியதும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கத் தொடங்கும். இருபது நிமிடங்களின் பின் படம் இழுபடுவது இதனாற்றான். முதல் இருபது நிமிடங்களும் உலோகத் தகடுகள் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. அதன்பின் வாங்க இடமில்லை.

நமது நாட்டு வெப்பத்தையும் இங்கே கணக்கில் எடுக்கவேண்டும். விசிறி காற்றைத்தான் தள்ளுகிறது, காற்றைக் குளிராக்குவதில்லை. 20 பாகை அறையில் 70 பாகையில் ஓடும் உறுப்பு, அதே வேலையை 32 பாகை அறையிற் செய்தால் ஏறத்தாழ 82 பாகைக்கு வரும். ஆகவே குளிர்நாட்டில் இருப்பவர் தரும் அறிவுரையில் உள்ள எண்களை நாம் அப்படியே எதிர்பார்க்கக்கூடாது.

துப்புரவு செய்யும் முறை இது. கணனியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஆரம்பிக்கும் பொத்தானைச் சில செக்கன் அழுத்திப் பிடியுங்கள். மிஞ்சியிருக்கும் மின் வடியும். பெட்டியை விறாந்தைக்குக் கொண்டுபோங்கள். உட்புறத்தைத் தொடுமுன், பெட்டியின் வெறும் உலோகப் பகுதியை ஒருதடவை தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குங்கள். மென்மையான பெயின்ற் தூரிகையும் காற்றூதியும் போதும். காற்று ஊதும்போது விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பழுதாகும். வீடு கூட்டும் தூசி உறிஞ்சியை உள்ளே விடவேண்டாம். அதன் குழாயில் நிலைமின் சேரும். கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் முனைகள் களிம்பேறியிருக்கும். எறும்பும் பல்லி முட்டையும் இருந்தால் வியப்படையாதீர்கள்.

செயலிக்கும் அதன்மேல் அமர்ந்துள்ள உலோகத் தகட்டுக்கும் இடையில் வெப்பப் பசை என ஒன்று உண்டு. பத்து ஆண்டுகளில் அது காய்ந்து பொருக்காகிவிடும். அதை ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடைத்து, நடுவில் பயறளவு புதுப் பசையிட்டுத் தகட்டை அழுத்திப் பூட்டினால் போதும். கூடுதலாகப் பூசுவதால் நன்மை கூடாது.

5. துப்புரவின் பின் நோய் கூடினால்

இப்போது நமது வீட்டில் ஓர் எதிர்பாராத காரியம் நடக்கிறது. மகன் ஞாயிறு பின்னேரம் முழுவதும் இருந்து துப்புரவு செய்தான். வெப்பநிலை நன்றாக இறங்கியது. படம் இழுபடுவதும் நின்றது. ஆனால் முன்னர் நாற்பது நிமிடங்களில் வந்த கறுப்புத்திரை இப்போது பத்து நிமிடங்களிலேயே வந்தது.

"தெரியாத வேலையிலை கை வைச்சு உள்ளதையும் கெடுத்துப் போட்டாய்" என்றார் அப்பா.

வாசகர்களே, இந்த இடத்திற்றான் பலர் கொப்பியை மூடிவிட்டுக் கணனியைக் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். ஆனால் சற்றே நின்று யோசித்துப் பாருங்கள். துப்புரவுக்கு முன் அட்டை சூடேறி, வேகத்தைக் குறைத்து ஓடியது. வேகம் குறைந்தால் அது இழுக்கும் மின்னும் குறையும். இப்போது அட்டை குளிர்ந்து, தன் முழு வேகத்தில் ஓடுகிறது. முழு வேகத்துக்கு முழு மின் வேண்டும். அந்த முழு மின்னைக் கொடுக்க இயலாத ஓர் உறுப்பு உள்ளே இருந்தால், முன்னர் மறைந்திருந்த அதன் பலவீனம் இப்போது வெளிப்படும். முதல் நோய் இரண்டாவது நோயை மூடி வைத்திருந்தது. மகன் எதையும் கெடுக்கவில்லை. அவன் முதல் நோயைக் குணமாக்கியதால் இரண்டாவது கண்ணுக்குத் தெரிந்தது.

கணக்கைப் பாருங்கள். ஐ5-4690 செயலிக்கு 84 வாற். ஜீ.ரி.எக்ஸ். 970 அட்டைக்கு 145 வாற். இரண்டும் சேர்ந்து 229 வாற். தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு, விசிறிகள் யாவற்றுக்கும் இன்னுமோர் 50 வாற் சேர்த்தால் 280 வாற் அளவில் வரும். கணநேரத்துக்கு அதைவிட மிகவும் கூடவும் செய்யும். அதனாற்றான் இந்த அட்டைக்கு 500 வாற் மின்வழங்கி வேண்டும் என்று என்விடியா பரிந்துரைத்தது. நமது வீட்டு மின்வழங்கியின் ஒட்டுத்தாளிலும் 500 என்றே எழுதியிருக்கிறது. ஆனால் அது புதிதாக இருந்த நாளின் எண்.

மின்வழங்கிக்குள் மின்னைத் தேக்கிச் சீராக்கும் கொள்ளளவிகள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல மெல்ல வற்றும். வெப்பநிலை 10 பாகை கூடினால் கொள்ளளவியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி. சூடான அறையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மின்வழங்கி தளர்வது வழக்கத்துக்கு மாறானதல்ல. நீண்ட மின்வெட்டுகளும், மின் திரும்பி வரும்போது ஏற்படும் ஏற்ற இறக்கமும் அதற்கு நன்மை செய்வதில்லை. 2022ஆம் ஆண்டில் நாம் அனுபவித்த மின்வெட்டு நாட்களை இந்தக் கணனியும் அனுபவித்தது.

ஆயினும் இது இன்னும் ஊகமே. ஊகத்தைச் சோதிக்கும் வழி செலவற்றதிலிருந்து தொடங்கவேண்டும்.

முதலாவதாக, பல பிளக்குகள் செருகிய நீட்டிப்புக் கம்பியிலிருந்து எடுத்துச் சுவரில் நேரே செருகிப் பார்த்தார்கள். மாற்றமில்லை. எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவதாக, அட்டைக்குச் செல்லும் மின் இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கழற்றிப் பூட்டினார்கள். மாற்றமில்லை.

மூன்றாவதாக, விளையாட்டின் அமைப்பில் ஒரு செக்கனுக்கு 30 படங்கள் மட்டும் காட்டும்படி கட்டுப்படுத்தினார்கள். அட்டையின் உழைப்பு குறைந்தது. இரண்டு மணி நேரம் ஓடியும் கணனி நிற்கவில்லை. கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் திரை கறுத்தது.

நான்காவதாக, அயலில் உள்ள ஒருவரிடமிருந்து நல்ல மின்வழங்கி ஒன்றை ஒரு நாளுக்கு இரவலாக வாங்கிப் பொருத்தினார்கள். அன்றிரவு முழுவதும் கணனி நிற்கவில்லை. அதன்பிறகே காசு கொடுத்துப் புதிய மின்வழங்கி வாங்கினார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மின்வழங்கியின் பெட்டியை ஒருபோதும் திறக்கவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிராபத்தான மின் தேங்கியிருக்கும். அடுத்து, கழற்றிப் பூட்டும் கம்பிகளையுடைய மின்வழங்கியாயின், பழையதன் கம்பிகளைப் புதியதிற் செருகவேண்டாம். முனை ஒரே வடிவில் இருந்தாலும் உட்கம்பிகளின் ஒழுங்கு வேறாக இருக்கலாம். தாய்ப்பலகையும் தட்டும் எரிந்துவிடும்.

6. நினைவகமும் வன்தட்டும்

உங்கள் வீட்டுக் கணனியில் வெப்பமும் மின்னும் சரியாக இருந்து, பிழை மட்டும் தொடர்ந்தால், அதிலும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நீலத்திரைக் குறி வந்தால், நினைவகத்தைச் சந்தேகியுங்கள். "மெம்டெஸ்ட் 86" என்ற மென்பொருளைப் பென்ட்ரைவில் இட்டு, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான். அப்போது துண்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பூட்டிச் சோதித்தால் எந்தத் துண்டு, எந்தத் துளை என்று அறியலாம். சில வேளைகளில் கழற்றித் துடைத்து மீண்டும் இறுக்கிப் பூட்டுவதே போதுமான மருந்தாகிவிடும்.

வன்தட்டு தன் உடல்நலத்தைத் தானே பதிவு செய்யும். "கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" என்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். அங்கே 05, சி5 என்ற இரு வரிகளைப் பாருங்கள். முதலாவது, பழுதென ஒதுக்கப்பட்ட பகுதிகள். இரண்டாவது, வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள். இந்த எண்கள் பூச்சியமாக இருப்பது நன்று. வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டு போனால் தட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. நமது வீட்டில் சி5 வரியில் எண் ஏறத் தொடங்கியிருந்தது. படங்களை முதலிலேயே பிரதி செய்யவேண்டும் என்று சொன்னதன் பெறுமதி அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

நல்ல நிலையிலுள்ள வன்தட்டும் இயல்பிலேயே மெதுவானது. நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செக்கன் எடுக்கும். தேடும் தகவல் முனைக்குக் கீழே வரும்வரை கணனி காத்திருக்கவேண்டும். சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் அதே வேலையை ஏறத்தாழ 0.1 மில்லி செக்கனில் முடித்துவிடும். பழைய கணனிக்கு ஒரே ஒரு பொருள் வாங்கமுடியும் என்றால், உடல்நலமுள்ள கணனிக்கு எஸ்.எஸ்.டி.யே பெரும்பாலும் மிகுந்த பயன் தரும். விளையாட்டில் செக்கனுக்கு வரும் படங்களின் தொகையை அது பெரிதாகக் கூட்டாது. ஆனால் கணனி எழும் நேரமும், விளையாட்டு ஏற்றப்படும் நேரமும், இடையிடையே திக்குவதும் நன்றாகக் குறையும்.

7. மென்பொருள்

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் "டாஸ்க் மனேஜர்" திறக்கும். எந்த மென்பொருள் எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்பதை அது காட்டும். கணனி எழும்போதே தாமும் எழுந்துகொள்ளும் மென்பொருள்களில் தேவையற்றவற்றை அங்கேயே நிறுத்தலாம்.

புதிய இயக்கி மென்பொருள் இட்டபின் பிழை தொடங்கியிருந்தால், கொப்பியிலுள்ள திகதி அதைக் காட்டிக்கொடுக்கும். பழையதை முற்றாக அகற்றி, என்விடியாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் மீண்டும் இடுங்கள். ஜீ.ரி.எக்ஸ். 970 சேர்ந்த தலைமுறைக்கு விளையாட்டுகளுக்கான வழக்கமான இயக்கி வெளியீடு 2025 ஒக்ரோபருடன் முடியும் என்றும், அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்ரோபர் வரை வரும் என்றும் அந்த நிறுவனம் அறிவித்தது.

வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. பதிவு செய்த வீட்டுப் பாவனையாளருக்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்ரோபர் 13 வரை என மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. வின்டோஸ் 11 பொதுவாக இன்ரெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்தே செயலிகளை ஏற்கிறது. ஐ5-4690 நான்காம் தலைமுறை. பாதுகாப்புத் திருத்தம் இல்லாத கணனியில் வங்கிக் கணக்கைத் திறப்பது நல்லதல்ல. லினக்ஸ் இயங்குதளம் இப்படியான பழைய கணனிகளில் இன்றும் நன்றாக ஓடும். விளையாட்டுகள் பலவும் அதில் இயங்கும், எல்லாமும் அல்ல.

8. பழுது வேறு, எல்லை வேறு

எல்லாவற்றையும் திருத்திய பின்னும் சில விளையாட்டுகள் மந்தமாகவே ஓடும். அது பழுதல்ல, எல்லை. எழுபது வயதுப் பெரியவர் நோயின்றி இருக்கலாம். அதற்காக இருபது வயது இளைஞனோடு ஓடமாட்டார்.

970 அட்டைக்கு 4 ஜி.பி. நினைவகம் உண்டு. ஆனால் அதில் 3.5 ஜி.பி. மட்டுமே முழு வேகமுடையது, எஞ்சிய 0.5 ஜி.பி. மிக மெதுவானது. இந்த விபரம் 2015 சனவரியில் வெளிவந்து, வாங்கியவர்களிடையே பெரிய மனத்தாங்கலை உண்டாக்கியது. பயனுள்ள பாடம் யாதெனில், படத்தின் மேற்பரப்பு நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் "டெக்ஸ்சர்" அமைப்பை ஒரு படி குறைத்து, 3.5 ஜி.பி.க்குள் அடக்கினால், திக்குதல் குறையக்கூடும்.

விளையாட்டுகளும் வளர்கின்றன. 2020 டிசம்பரில் வெளிவந்த "சைபர்பங்க் 2077" அன்று சுழலும் வன்தட்டிலும் ஓடியது. 2023இல் வந்த அதன் பெரிய திருத்தத்தோடு, ஆகக் குறைந்த தேவையே எஸ்.எஸ்.டி. என்றாயிற்று. போன வருடம் ஓடிய விளையாட்டு இந்த வருடம் ஓடவில்லை என்றால், மாறியது கணனியா விளையாட்டா என்று கேட்கவேண்டும்.

9. எங்கே நிறுத்துவது

செலவற்றதை முதலிலும், சிறு செலவை அடுத்தும், பெருஞ்செலவைக் கடைசியிலும் செய்யுங்கள். தாய்ப்பலகையே பழுது என்று உறுதியானால், அந்தப் பழைய தலைமுறைக்குப் புதிய பலகை தேடி அலைவது வீண். ஆனால் வாங்கிய மின்வழங்கியும் எஸ்.எஸ்.டி.யும் வீணாகா. 1995இல் இன்ரெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். அளவிலான மின்வழங்கியை அடுத்த கணனிக்குப் பெரும்பாலும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போதே இதை மனத்திற் கொண்டு வாங்குங்கள். கடையிற் கொடுத்துத் திருத்துவதானாலும் கொப்பியைக் கூடவே கொண்டுபோங்கள். என்னென்ன சோதித்தாயிற்று என்று தெரிந்தால் நேர்மையான திருத்துநருக்கு வேலை இலகு. மற்றவருக்கு உங்களை ஏமாற்றுவது கடினம்.

நமது வீட்டின் கணக்கு இவ்வாறு முடிந்தது. ஒரு தூரிகை, ஒரு சிறு குழாய் வெப்பப் பசை, ஒரு மின்வழங்கி, ஓர் எஸ்.எஸ்.டி. அயலவர் சொன்ன புதிய கிராபிக்ஸ் அட்டை வேண்டியிருக்கவில்லை. வாங்கிப் பூட்டியிருந்தால், அதே தளர்ந்த மின்வழங்கியில் அதுவும் நின்றுபோயிருக்கும். வைரசும் இல்லை. விளையாடியதால் வந்த பழுதும் இல்லை. வயதும் வெப்பமும் தூசியும் செய்த வேலை. அப்பா கொப்பியைக் கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு, "நான் அண்டைக்கு உன்னைப் பேசினது பிழைதான் தம்பி" என்றார். அதன்பின், இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டும் வேலையைத் தானே செய்வதாக ஏற்றுக்கொண்டார்.

வீட்டிலிருந்து செய்து பார்ப்பதற்கு

அ. உங்கள் வீட்டுக் கணனியில் மட்டும் இருந்து, வேறெங்கும் பிரதியில்லாதவை எவை? அவற்றை இந்த வாரத்துக்குள் எங்கே பிரதி செய்வீர்கள்?

ஆ. கணனி ஓய்வாக இருக்கும்போதும், அரைமணி நேரம் உழைத்த பின்னும் உள்ள வெப்பநிலைகளை எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் என்ன? அப்போது அறையின் வெப்பநிலை என்ன?

இ. நீங்கள் கடைசியாகத் திருத்துவித்த பொருள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பழுதின் காரணம் சோதித்து அறியப்பட்டதா, ஊகித்துச் சொல்லப்பட்டதா? அந்தப் பழுதுக்காக வீட்டில் யாரேனும் ஏச்சு வாங்கினார்களா?